ஏஜென்ட் வாசிக்காத கேள்வி

ஜனவரி 6

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

இங்கே நான் சுகம். உன் அத்தையும் அவளுக்கு முடிந்த அளவில் சுகம். மணிக்கட்டில் போட்டிருந்த மாவுக்கட்டைப் போன வாரம் பிரித்துவிட்டார்கள். குளியலறையில் வழுக்கியதற்கு இத்தனை நாள் கட்டா என்று டாக்டரிடம் சண்டை போட்டேன். நீயும் உன் வீட்டுக்காரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. ஃபோனில் பேசினால் பக்கத்தில் அவன் இருப்பான். கார் என்ற சொல் காதில் விழுந்தாலே, "வித்துத் தொலைங்கப்பா" என்பான். அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். இது உனக்கும் எனக்கும் மட்டும்.

என் காருக்கு இத்தனை காலம் இன்சூரன்ஸ் கொடுத்துவந்த கம்பெனி, இந்த வயதுக்காரர்களுக்கு இனிமேல் இல்லை என்று எழுதிவிட்டது. ஏப்ரலோடு முடிகிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை நான் ரோட்டில் இறக்க மாட்டேன். டிரைவிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவன் நான். கார் இல்லாவிட்டாலோ உன் அத்தையைப் பார்க்கப் போக முடியாது. அவளைச் சேர்த்திருக்கும் முதியோர் இல்லம் இருக்கும் இடம் உனக்குத் தெரியும், கல்குவாரி ரோட்டின் கோடியில், மேட்டின் உச்சியில். பஸ் ஓட்டுத் தொழிற்சாலையோடு திரும்பிவிடும். அதற்கு மேலே ஏற்றம். பக்கவாதம் வந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை அவள் என் கையால்தான் வாங்கிக்கொள்கிறாள். அங்கே வேலை செய்யும் பெண்கள் கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நான் போகாத நாள் அவளுக்குப் பட்டினி.

இப்படி முழித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு ஏஜென்ட் வந்து சேர்ந்தான். பேச்சில் அத்தனை தித்திப்பு. சர்க்கரை என்று பேர் வைத்திருக்கிறேன். அவன் கம்பெனி கார், வீடு, உயிர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டாகக் கொடுக்கிறதாம். சேர்த்து எடுத்தால் தள்ளுபடி உண்டாம். என் வயதைக் கேட்டும் அவன் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நீ வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனியில் கேட்டு வாங்க எனக்கு இஷ்டமில்லை, மருமகள் தயவில் எடுத்தான் என்ற பேச்சு வேண்டாம். ஆனால் நீ கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருப்பவள். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது? விவரமாக எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

மாமா

* * *

ஜனவரி 19

அன்புள்ள மாமாவுக்கு மருமகளின் வணக்கம்.

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். எனக்குக் கழுத்து வலி மட்டும், கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பதால். அத்தைக்குக் கட்டுப் பிரித்தது நிம்மதி. விரல்களை மடக்குகிறார்களா?

ஆபீசுக்குக் கையால் எழுதிய கடிதம் வந்ததும் பக்கத்து மேசைக்காரிக்கு ஒரே ஆர்வம். மாமனார் எழுதியது என்றேன். பாவம், அவள் முகம் தொங்கிப் போயிற்று.

மாமா, முதலில் அந்தத் தள்ளுபடியை மறந்துவிடுங்கள். பணம் வாங்கும்போது எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். கொடுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். அதனால் உங்கள் சர்க்கரையிடம், "உங்ககிட்ட பாலிசி எடுத்தவங்க பேரைச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அவர் மாமனை மச்சானைக் காட்டுவார். நஷ்டப்பட்டவர்களைக் கேளுங்கள். உங்கள் ஊரில் தீப்பிடித்தவர், இடிபட்டவர், தண்ணீர் புகுந்தவர் யாராவது அந்தக் கம்பெனியில் இருந்திருப்பார்கள். அவர்களைப் போய்ப் பாருங்கள். பணம் கிடைக்காதவர் ஒருவரையாவது பார்க்காமல் வந்துவிடாதீர்கள். பிறகு அவர்களுடைய கிளெய்ம் பிரிவுக்கு ஃபோன் போடுங்கள். விற்பனைப் பிரிவுக்குப் போட்டால் முதல் மணியிலேயே எடுப்பார்கள், அது கணக்கில்லை.

இன்னொன்று, இது வெளியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். விண்ணப்பப் படிவத்தை ஏஜென்ட்தான் நிரப்புவார். உங்கள் எதிரில் உட்கார்ந்து நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியை வாய்விட்டு வாசிக்காமல் அவரே டிக் போடுகிறார் என்று கவனியுங்கள். நாளைக்குப் பணம் கேட்டு நிற்கும்போது கம்பெனி அந்த இடத்தில்தான் கைவைக்கும்.

நான் ஒப்பிட்டுப் பார்க்க எனக்குச் சில விவரம் வேண்டும். காரை எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், வேறு யாராவது ஓட்டுகிறார்களா, கடைசியாக எப்போது கண் பார்த்தீர்கள், வீட்டில் ராத்திரி யார் இருக்கிறார்கள், இந்த ஐந்து வருஷத்தில் சின்னதாகவோ பெரிதாகவோ ஏதாவது விபத்து உண்டா. எல்லாருக்கும் கேட்கிற கேள்விதான்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் வரிகள் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. உங்கள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று உங்கள் பிள்ளை சொல்வார். பெருமையாகத்தான் சொல்வார், நீங்கள் நம்பாவிட்டாலும்.

அத்தையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

* * *

பிப்ரவரி 8

அன்பு மருமகளுக்கு,

நீ கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நாங்கள் இருவரும் பழையபடி இருக்கிறோம். அத்தை விரலை மடக்குகிறாள், ஆனால் கரண்டி பிடிக்க வரவில்லை.

நீ சொன்னபடியே துப்பறியக் கிளம்பிவிட்டேன். முடிவெட்டுகிறவரிடம் முதலில் போனேன். மாடியில் குழாய் வெடித்துக் கடை முழுக்க நனைந்து, கூரை அட்டை நாற்காலி மேலேயே விழுந்ததாம். கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய், பேசியபடி பணம் கொடுத்தார்களாம். புதுக் கண்ணாடியைக் காட்டினார். பார்த்துக்கொண்டே இருந்தவன் முடியும் வெட்டிக்கொண்டு வந்தேன். பணம் கிடைக்காத ஆளும் அகப்பட்டார். வேன் வைத்துச் சாமான் ஏற்றுகிறவர். வண்டி மரத்தில் மோதியதற்கு ஒரு காசு கொடுக்கவில்லை என்று கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டினார். திட்டில் பாதி நல்ல திட்டு, உனக்கு எழுத முடியாது.

கிளெய்ம் பிரிவுக்கு ஃபோன் போட்டேன். ரொம்ப நேரம் பாட்டுப் போட்டார்கள். நடுவில் ஒரு தூக்கம் போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். ஆனால் எடுத்த பெண் பொறுமையாகப் பேசினாள்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். கார் இல்லத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும்தான் போகும். வேறு யாரும் ஓட்டுவதில்லை. உன் வீட்டுக்காரனுக்கு ஓட்டவே தெரியாது. அந்தப் பழி என் தலையில் என்று உனக்குத் தெரியும். என்னிடம்தான் டெஸ்டுக்கு வந்தான், இரண்டு தடவையும் வலது பக்கம் பார்க்காமல் திருப்பினான். நான் என்ன செய்ய? பெற்ற பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டமா? அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. என்னோடு பேச்சையும் சுருக்கிக்கொண்டான்.

கண்ணைப் பற்றிக் கேட்டாய். போன வருஷம் லைசென்ஸ் புதுப்பித்தபோது அட்டையில் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் வாசித்தேன். எழுத்து ஏறி இறங்குவது பேனாவின் கோளாறு. ராத்திரி வீட்டில் நான் ஒருத்தன்தான்.

உயிருக்கு எடுப்பதை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், எனக்கு முன்னால் அவள் போய்விட்டால் கவலை இல்லை. நான் முந்திக்கொண்டால் அவள் கதி? அதற்கு ஏதாவது ஒரு ஏற்பாடு இல்லாமல் நான் சாகவும் முடியாது.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாமா

* * *

பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். ஒத்தடம் கேட்டது, கழுத்து திரும்புகிறது. உங்களுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

முடிவெட்டுகிறவரின் சாட்சி நல்ல சாட்சி. வேன்காரரிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டீர்களா? நான் விசாரித்தேன். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வண்டியைச் சொந்த உபயோகம் என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓட்டியிருக்கிறார். ஏஜென்ட்தான் அப்படி எழுதச் சொன்னாராம். எந்த ஏஜென்ட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கணிப்பு இது. கம்பெனி யோக்கியமான கம்பெனி. சொன்னதைச் சொன்னபடி கொடுக்கிறது, சொல்லாததை மன்னிப்பதில்லை. வீட்டுக்குத் தாராளமாக எடுக்கலாம். உயிருக்கு இந்த வயதில் எடுத்தால் கட்டுவது அதிகம், கிடைப்பது கொஞ்சம். முதல் சில வருஷத்துக்குள் ஏதாவது ஆனால் கட்டியதைத் திருப்பிக் கொடுப்பதோடு சரி. அது உங்களுக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது.

காரைப் பற்றித்தான் சொல்ல முடியவில்லை. நான் கேட்டதில் ஒன்றுக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். விபத்து ஏதாவது உண்டா மாமா?

ஏன் திரும்பக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு அம்மா என் மேசைக்கு வந்தார். கணவர் தவறிவிட்டார். அவர் நெஞ்சுவலிக்கு மருந்து சாப்பிட்டதைப் படிவத்தில் "இல்லை" என்று போட்டிருந்தார். அவ்வளவுதான், ஒரு டிக். அந்த அம்மாவுக்குப் பணம் இல்லை என்ற கடிதத்தை நான்தான் எழுதினேன். "அவரு பொய் சொல்றவரு இல்லம்மா" என்று அந்த அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு கடிதம் வருவதை என்னால் தாங்க முடியாது.

அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

* * *

மார்ச் 15

மருமகளுக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

பதில் தாமதம். சமையலறைக் குழாய் ஒழுகி அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு தபால் தலை வாங்க மறந்தேன். சர்க்கரை தினமும் ஃபோன் செய்கிறான், மாப்பிள்ளை பார்க்கிற தரகன்கூட இத்தனை தடவை கூப்பிட மாட்டான். ஏப்ரல் முதல் வாரம் வந்து படிவம் நிரப்புகிறேன் என்கிறான்.

நீ கேட்டதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் கேள்வி கேட்டே பிழைத்தவன், என்னையே விசாரணைக் கூண்டில் நிறுத்துகிறாய். மாமனாரிடம் கேட்கிற மாதிரியா கேட்கிறாய்? எந்தக் கம்பெனி என்று கேட்டேன். கம்பெனியைப் பார்க்கச் சொன்னால் நீ என்னைப் பார்க்கிறாய்.

அவள் இப்போதெல்லாம் பாதித் தட்டுதான் சாப்பிடுகிறாள்.

மாமா

* * *

மார்ச் 23

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கோபமாக எழுதிவிடக்கூடாது என்று. இப்போது கோபம் இல்லை, வருத்தம் இருக்கிறது. நாங்கள் நலம் என்று எழுதினால் அது பாதி உண்மை.

மாமா, "இல்லை" என்று எழுதியிருந்தால் நான் விட்டிருப்பேன். அந்த ஒரு சொல்லை எழுத உங்கள் கை வரவில்லை. பொய் எழுதத் தெரியாத மனிதர் நீங்கள். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன தடவை நான் அங்கே வந்தபோது ஸ்டேஷனிலிருந்து உங்கள் காரில் வந்தேன். வலது பக்கமாக நடந்து வந்த ஒருவர் சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். நீங்கள் பேசிக்கொண்டே ஓட்டினீர்கள். அவரை நீங்கள் பார்க்கவே இல்லை. நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். மாமனாரிடம் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன்.

இனிமேல் கேட்க மாட்டேன். எனக்குப் பதில் எழுதவும் வேண்டாம். சர்க்கரை வரும்போது அந்தக் கேள்வியை அவர் வாய்விட்டு வாசிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அவர் வாசிக்காவிட்டால் நீங்கள் வாசியுங்கள். மற்றது உங்கள் மனசு.

அத்தை பாதித் தட்டு சாப்பிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் பத்திரமாகப் போய் வர வேண்டும், எதிரே வருகிறவர்களும்.

உங்கள் மருமகள்

* * *

ஏப்ரல் 12

என் அருமை மருமகளே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தத் தடவை அவ்வளவுதான் நலச் செய்தி.

சர்க்கரை வந்தான். முன்னறையில் மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பேர், வயசு, வீட்டுக்குச் சுவர் செங்கல்லா மரமா என்று ராகம் போட்டு வாசித்தான். வண்டியின் நிறத்தைக்கூட என்னைக் கேட்டு எழுதினான். அடுத்த பக்கம் திருப்பியதும் வாய் மூடிக்கொண்டது, பேனா மட்டும் ஓடியது. நீ எழுதியது அப்படியே கண்முன்னால் நடந்தது.

"என்ன தம்பி, அந்த இடத்துல வாசிக்கவே இல்லையே?" என்றேன்.

"அதெல்லாம் சும்மா கேக்குறதுதான் சார். எல்லாருக்கும் இல்லைன்னுதான் போடுறது."

வாசிக்கச் சொன்னேன். ஐந்து வருஷத்தில் வாகன விபத்து ஏதேனும் உண்டா என்று வாசித்தான். உண்டு என்றேன். அவன் சிரித்தான், கிழவன் விளையாடுகிறான் என்று. யாருக்காவது அடிபட்டதா என்று அடுத்த கேள்வியையும் சிரித்துக்கொண்டே வாசித்தான்.

"என் சம்சாரத்துக்கு," என்றேன்.

நவம்பரில் நடந்தது. இல்லத்து முற்றத்துக்குள் காரைத் திருப்பினேன். அவளைச் சக்கர நாற்காலியில் வெயிலுக்காக வெளியே வைத்திருந்தார்கள். என் வலது பக்கத்தில் இருந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு இறங்கினால் நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது, அவள் கை அதற்கு அடியில். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண் துணி எடுக்க ஒரு நிமிஷம் உள்ளே போயிருந்தாள். தனியாக விட்டது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அழுதாள். எனக்கு அது சாக்காகப் போயிற்று. குளியலறையில் வழுக்கியது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். உன் அத்தைக்குத்தான் பேச்சு வராதே. அதையும் நினைத்துத்தான் சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

என் வலது கண்ணில் ஓரம் முழுக்க இருட்டு. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. லைசென்சுக்குப் படித்த அட்டை இருக்கிறதே, அது நான் வேலை பார்த்த அறையில் என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய அட்டை. எத்தனை ஆயிரம் பேர் அதை என் முன்னால் ஒப்பித்திருப்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் சொல்லுவேன். புது இன்ஸ்பெக்டர், "சூப்பர் சார்" என்றான். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பருக்குப் பிறகும் தினம் ஓட்டினேன். அவள் சாப்பிட வேண்டுமே. மெதுவாகப் போனால் போதும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வேறு எவனாவது இப்படி என் முன்னால் வந்திருந்தால் முதல் திருப்பத்திலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

சர்க்கரை நல்லவன்தான் பாவம். "சார், அது ரோட்டுல நடக்கலையே, உள்ளுக்குள்ள நடந்தது. நான் இல்லைன்னே போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். ஆம் என்று போடச் சொன்னேன். கண்ணையும் எழுதச் சொன்னேன். அவன் முதலில் போட்ட டிக்கை அடித்தான். பிறகு எழுதினான். கையெழுத்துப் போட்டேன்.

அவன் போனதும் காரை உறை போட்டு மூடிவிட்டேன். சாவி அலமாரியில் இருக்கிறது. உன் வீட்டுக்காரனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அவன் அம்மா அவள்.

மாமா

* * *

மே 9

அன்பு மருமகளுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். என் கடிதம் கிடைத்ததா? தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக் கேட்டு, இப்போது அவர் எதிர்ப்பக்கமாகப் போகிறார்.

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. காருக்கு இல்லை. உயிருக்கும் இல்லை. வீட்டுக்கு மட்டும் தருகிறார்களாம். எழுதியிருந்த விதம் மரியாதையாகத்தான் இருந்தது. உன்னைப் போல ஒரு பெண் எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஓட்டுத் தொழிற்சாலை வரை போய், அங்கிருந்து கைத்தடியோடு ஏறுகிறேன். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து போவதால் சாப்பாட்டு வேளை தாண்டிவிடுகிறது. தட்டை மூடி வைத்திருப்பார்கள். ஆறிப் போனதை அவளுக்குக் கொடுக்க மனசு கேட்கவில்லை, இருந்தாலும் கொடுக்கிறேன். முழங்கால் வீங்கினால் போவதில்லை. அந்த நாளில் அவள் பாலை மட்டும் குடித்தாள் என்று சொல்கிறார்கள்.

ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

மாமா

* * *

மே 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். முழங்காலுக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

எழுதாதது என் தப்பு. உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். மறைத்து வைக்கிற சக்தி எனக்கு இல்லை. நின்றுகொண்டே படித்தார். "அம்மாவ இடிச்சுட்டு, வழுக்கிச்சுன்னு சொல்லியிருக்காரு" என்றார், அவ்வளவுதான். பிறகு உங்கள் பேச்சையே எடுக்க விடவில்லை. அதை மறைத்து "எல்லாரும் நலம்" என்று உங்களுக்கு எழுத எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் கோபம். வாய் பேச முடியாமல் அத்தை அந்தக் கட்டோடு உட்கார்ந்திருந்ததை நினைத்து நான் அழுதேன். உங்கள் மேல்தான் கோபம். உங்களை நினைத்தும் அழுதேன்.

இரண்டாவது கடிதத்தையும் மேசையில் வைத்தேன். நீங்கள் கைத்தடியோடு மேட்டில் ஏறுகிறீர்கள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். மறுநாள் சாப்பிடும்போது, "எந்தப் பக்கம் கண்ணு தெரியல அவருக்கு?" என்று கேட்டார். வலது என்றேன். சாயங்காலம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் மட்டும் வருகிறார், எனக்கு லீவு கிடைக்கவில்லை. கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். அவர் பேசாவிட்டால் நீங்களும் கட்டாயப்படுத்த வேண்டாம். பேசாமல் இருப்பது உங்கள் இருவருக்கும் கைவந்த கலை.

நீங்கள் முதலில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கம்பெனி நல்ல கம்பெனி. வீட்டுக்கு எடுங்கள், ஆனால் சர்க்கரை வழியாக வேண்டாம், நேராக ஆபீசில் போய் எடுங்கள். இல்லத்துச் செலவு எங்களுடையது, அதில் பேச்சே இல்லை. ஆனால் நீங்கள் பயந்தது செலவுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு எந்தக் கம்பெனியிலும் பாலிசி கிடையாது.

உங்கள் மருமகள்

* * *

ஜூன் 4

என் மருமகளுக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

முழங்கால் தேவலை. கண் டாக்டர் நரம்பு போய்விட்டது என்றார். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. உன் வீட்டுக்காரன் வேளை தவறாமல் விடுகிறான். கையைப் பார்த்தால் சுண்ணாம்பு அடிக்கிறவன் மாதிரி, பாதி கன்னத்தில் விழுகிறது.

வந்த அன்று அவன் உறை போட்ட காரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். விற்கச் சொல்லுவான் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. கடைசியில் நானே சொன்னேன். சரி என்றான்.

மறுநாள் இருவருமாகப் பஸ்ஸில் போனோம். மேட்டில் ஏறும்போது அவன் என் வலது பக்கம் வந்துவிட்டான். லாரி வரும் இடத்திலெல்லாம் என் முழங்கையைத் தொட்டான். பாதி மேட்டில் நான் உட்கார்ந்ததும், "இந்த ஏத்தத்துல தினமுமாப்பா ஏறுனீங்க?" என்று கேட்டான். தினமும் இல்லை என்றேன்.

அத்தை அவனைக் கண்டுகொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. தட்டு வந்ததும் நான் கரண்டியை எடுத்தேன். அவன் கை நீட்டினான். அவள் உன் கையில் வாங்க மாட்டாள் என்றேன். "குடுங்கப்பா" என்றான். கொடுத்தேன். நான் சொன்ன மாதிரியே அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டே இருந்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அப்படிப் பிடிக்கக் கூடாது, கொஞ்சம் சாய்த்துப் பிடி என்று டெஸ்ட் வைக்கும் இன்ஸ்பெக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"கொஞ்ச நேரம் வெளியில இருங்கப்பா," என்றான்.

தாழ்வாரத்தில் போய் நின்றேன். உள்ளே அவன் குரல் கேட்டது. என்ன பேசினான் என்று தெரியவில்லை, ஆனால் என்னிடம் இத்தனை வருஷத்தில் பேசியதைவிட அதிகமாகவே பேசினான். கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது எனக்கு எப்படியோ இருந்தது. அவன் கூப்பிட மாட்டானா என்றும் இருந்தது, கூப்பிடக் கூடாது என்றும் இருந்தது. அவன் கூப்பிடவே இல்லை. கடைசியில் நானே எட்டிப் பார்த்தேன். தட்டு காலி. அவள் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு வயிறு எரிந்தது, மருமகளே. பொறாமைதான், வேறென்ன. இத்தனை நாள் என் கையில் மட்டும் வாங்கியவள். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவனுக்குத் தெரியாமல்தான் அழுதேன், ஆனால் அவன் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

ஒரு வாரமாக அவன்தான் கொடுக்கிறான். பக்கத்தில் அத்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் உட்கார வைத்துக் காட்டித் தருகிறான். நேற்று அத்தை அந்தப் பெண் கையிலும் நாலு வாய் வாங்கினாள்.

நான் செத்தாலும் இனி அவள் சாப்பிடுவாள்.

மாமா